எத்தனை தடவை கேட்டாலும்

ஆபரேஷன் செய்த டாக்டரை ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். கடைத்தெருவில் பார்த்தால்கூட நின்று கும்பிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு இடுப்பு உடைகிற வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஆபரேஷன் செய்தவருடைய முகம் எனக்கு மங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா சொன்ன வார்த்தைகள்தான் ஒன்றுவிடாமல் நிற்கின்றன. சொன்னபோது அதில் பாதியைக் காதில் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் வேப்பூரில் வாக்கப்பட்டவள். அம்மாவும் அப்பாவும் விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகளுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் இருந்தார்கள். இரண்டு பேரும் பீங்கான் வேலைதான். அப்பா சூளைக்குச் சரக்கு ஏற்றுவார். அம்மா, கரண்டுக்குப் பீஸ் போடுகிற வெள்ளைக் கட்டைகளைச் சுடுவதற்கு முன்னால் ஓரம் சீவி விடுவாள். உட்கார்ந்த இடத்தில் பச்சைமண் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பிசிறு எடுத்துப் போட்டுக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசுவாள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

அப்பா ஒரு காலையில் டீ குடிக்கப் போனவர், கடை வாசலிலேயே விழுந்து செத்துப்போனார். வருஷம் திரும்புவதற்குள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த டாக்டரம்மா வந்து அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நாடி பார்ப்பார், பிரஷர் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கதை பேசுகிறவர் மாதிரி, இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாசம், இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார்.

"கெழம தெரியாமலா இத்தன வருசம் வேலைக்குப் போனேன்? சனிக்கெழம சம்பளம், எப்டி மறக்கும்?" என்றாள் அம்மா. டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்.

"முதுகு ரொம்ப வளைஞ்சிருக்கு, அங்க ஊசி போட்டு மரத்துப்போக வைக்க முடியாது. முழு மயக்கம்தான் குடுக்கணும். இந்த வயசுல மயக்கம் தெளிஞ்சப்புறம் சில பேருக்கு மனசு தடுமாறும். மருந்து மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். வலி, தூக்கம் கெடறது, புது இடம், எல்லாம் சேர்ந்துக்கும். முழிச்ச உடனே கண்ணாடிய மாட்டிடுங்க, காது மெஷினையும் வைங்க. எங்க இருக்காங்க, எதுக்கு வந்தாங்கன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருக்கணும். பகல்ல ரொம்பத் தூங்க விடாதீங்க. முக்கியமா ஒண்ணு. எது கேட்டாலும் நிஜத்தச் சொல்லுங்க. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் அவங்க திரும்பி வரணும்."

நான் தலையாட்டினேன். அம்மா நடப்பாளா மாட்டாளா என்பதுதான் எனக்கு இருந்த கவலை. மனசு எங்கே போய்விடும், அது உடம்பை விட்டுத் தனியாக நடந்தா போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்விட்டது.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கண் விழித்த அம்மா முதலில் கழுத்தைத் தடவினாள். வெறும் கழுத்து. அங்கும் இங்கும் தடவிவிட்டுப் பக்கத்தில் நின்ற நர்ஸைக் கேட்டாள்.

"தாலி எங்கம்மா? கழட்டி வெச்சீங்களே, குடுங்க."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தினம் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகின பதிலைச் சொன்னாள். "ஆபரேஷனுக்கு எல்லா நகையும் கழட்டிடுவோம் பாட்டி. ஒங்க பொண்ணுகிட்டதான் இருக்கும், வாங்கிக்கங்க."

அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். கருமாதி அன்றைக்குத் தாலி வாங்கின கழுத்து அது. அவள் நீட்டின கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒங்கப்பா எங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். அம்மாவின் தங்கை. அன்று காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெருமாள் கோயில் கோரைக்கிழங்குப் பிரசாதத்தோடு வந்திறங்கியவள். "மாமா டீ குடிக்கப் போயிருக்காருக்கா. இப்ப வந்துடுவாரு" என்றாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சித்தி கெட்டவள் இல்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள். அது எப்படிப்பட்ட வார்த்தை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவோ "அப்டியா" என்று நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெளியே வந்து சித்தியைப் பிடித்தேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஒடம்பு முடியாம கெடக்கறவகிட்ட சாவு சேதி சொல்லுவாங்களாடி? எந்த ஊரு நாயம் இது?"

எங்கள் பக்கத்து நியாயம் அப்படித்தான். படுத்திருப்பவரிடம் சாவைச் சொல்லக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டையைச் சேர்ந்த ஒரு வயசான அம்மா படுத்திருந்தார். அவருடைய மருமகள் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு என்னைச் சமாதானம் செய்தாள். "நாங்களும் அப்டித்தாங்க. எங்க மாமியோட தம்பி மௌத்தாயிட்டாங்க, போன வாரம்தான் அடக்கம் பண்ணோம். திரும்ப சவூதிக்குப் போயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கோம்." அந்த வார்டு முழுக்கச் செத்தவர்கள் எங்கெங்கோ உயிரோடு இருந்தார்கள்.

அம்மா தெளியவில்லை. நாளாக ஆக இன்னும் உள்ளே போனாள். கையில் ஏற்றியிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கினாள். கண்ணாடியைப் போட்டால் கழற்றி வீசினாள். போர்வையின் ஓரத்தை விரலால் சீவிச் சீவி, இல்லாத பிசிறைக் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைகள் தீரவே இல்லை. நடுநடுவே தாலி எங்கே என்று கேட்பாள். நான் திருடி வைத்துக்கொண்டேன் என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். ஒரு நாள் இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். பெற்றவள் அப்படிக் கிடப்பதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று சித்தியை உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது கைகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அம்மா சாந்தமாகப் படுத்திருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு விரலி மஞ்சள். அம்மா அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா பண்ணி வெச்சிருக்க சித்தி?"

"கத்தாத, எழுந்துடப்போறா. கோயில் வாசல்ல போயி வாங்கியாந்தேன். ஆம்பளயா கட்டுனான்? நான்தான கட்டுனேன். பொம்பள கட்டுனா அது வெறும் கயிறுதாண்டி."

கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினேன். ஆனால் அம்மா அத்தனை நாளில் அப்போதுதான் உருப்படியாகத் தூங்கினாள். மற்ற கட்டில்காரர்கள் எங்களைப் பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரலை உயர்த்தாமல் சொன்னார். "அவங்க வழி தெரியாம நிக்கிறாங்க. நீங்க தப்பான பக்கம் கை காட்டறீங்க. தெளியறதுக்கு முன்னால அத எடுத்துடுங்க."

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தால் மறுபடி கத்துவாள் என்று சித்தி பயந்தாள். எனக்கும் அந்தப் பயம்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டோம். அம்மா பாதி நேரம் தூக்கத்திலும் மீதி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். டீ குடிக்கப் போனவர் வருகிறாரா என்று பார்த்தாள்.

ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது, "இது எந்தக் கடையில வாங்குன? ரப்பராட்டம் இருக்குது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அம்மாவின் குரல். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றும், விழுந்ததும், ஆபரேஷனும் ஒவ்வொன்றாக அவளே சொன்னாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அப்போது அவள் கை கழுத்துக்குப் போனது.

கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுவிட்டு விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தாள்.

"இத யாரு கட்டுனது?"

சித்தி மூலையில் நின்றாள். அம்மா சித்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வருமென்று நினைத்தேன். அவமானம்தான் வந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, "கழட்டு" என்றாள்.

முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. நர்ஸிடம் கத்தரி வாங்கிவரத் திரும்பினேன்.

"கத்தரி வேணாம். ஒரு தடவ அறுத்தாச்சு. முடிச்ச அவுத்துடு."

நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தேன். அவிழ்த்து முடிகிற வரைக்கும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. சித்தி அன்று சாயங்கால பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுக்கொண்டு அம்மாவோடு இருந்தேன். மெல்ல வாக்கர் வைத்து நடந்தாள். பழைய கதைகளும் பழைய பேச்சும் திரும்பின. மயக்கத்தில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்குதுடி. மேல பேன் சுத்துனது, பக்கத்துக் கட்டில்ல சொன்ன சவூதிக்குப் போன ஆளு, என் கைய கட்டுனது எல்லாம். அவரு டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொன்னீங்களே. நான் காத்துக்கிட்டே இருந்தேன்."

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு போன நாளுதான் இல்ல. எவ்ளோ யோசிச்சும் வரல. அவரு செத்துட்டாருன்னு தெரியுது. செத்தது தெரியல. நீங்க சொன்ன பொய்யி அப்டியே இருக்குது, நெசமா நடந்தது எங்கயோ போயிடுச்சு."

டாக்டரம்மாவிடம் கேட்டேன். மருந்தினாலா, துக்கத்தினாலா, இரண்டும் சேர்ந்தா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அப்படிப் பட்டென்று ஒப்புக்கொண்ட டாக்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்காக ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எலும்புக்குள் வைத்த கம்பி நகர்ந்துவிட்டது. வலி தாங்காமல் அம்மா மறுபடி படுத்தாள். மறுபடி பிரிக்க வேண்டும், மறுபடி மயக்கம். முதல் தடவை தடுமாறியவர்களுக்கு இரண்டாவது தடவையும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா என்னிடம் மறைக்காமல் சொன்னார். மருந்தைக் குறைத்து, மயக்கத்தின் ஆழத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். மீதி என் கையில் என்றார்.

அம்மாவுக்குக் கால் போனாலும் பரவாயில்லை போலிருந்தது. புத்தி போய்விடுமோ என்றுதான் நடுங்கினாள். ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டா சொல்லிடு. எத்தன தடவ கேட்டாலும் செத்துட்டாருன்னே சொல்லு. அழுதா அழுதுட்டுப் போறேன். ஒன் சித்திய ஊருலயே இருக்கச் சொல்லு."

இந்தத் தடவை ஜன்னல் ஓரத்துக் கட்டிலாகக் கேட்டு வாங்கினேன். வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து எதிரே மாட்டினேன். கண் விழித்ததும் கண்ணாடி, காது மெஷின் எல்லாம் வைத்தேன். "அம்மா, இது ஆஸ்பத்திரி. இடுப்புக்கு மறுபடி ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. நான் ஒன் பொண்ணு" என்றேன். அம்மா என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்கப்பா எங்க?"

"அப்பா செத்துட்டாரும்மா. போன வருசம்."

கருமாதி வரைக்கும் அழுத அழுகையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. தையல் போட்ட உடம்பு குலுங்க, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எப்ப, யாரு சொன்னா, எனக்கு ஏன் சொல்லல என்று கேட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அழுது களைத்துக் கண்ணசந்தாள். எழுந்ததும் கேட்டாள், "ஒங்கப்பா எங்க?"

சொன்னேன். மறுபடி முதலிலிருந்து அழுதாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் சேதி. எனக்குத்தான் பழையது. ஒரு மனுஷனை எத்தனை தடவை சாகடிப்பது? எதிர்க் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பெண் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"இன்னா பொண்ணுங்க நீங்க? பெத்தவள இப்டி வதைக்கிறீங்களே. வந்துடுவாருன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நானும் அதையேதான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அம்மா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெளிவாக இருக்கும்போது சத்தியம் வாங்கிக்கொண்டு, தெளிவில்லாதபோது அழுது என்னைக் கொல்கிறாள்.

அதற்கு அடுத்து நடந்தது இன்னும் மோசம். நான் கிட்டே போனாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸிடம் தாழ்ந்த குரலில், "இந்தப் பொம்பளைய அனுப்பிடுங்க. எப்ப வந்தாலும் சாவு சேதியே சொல்லுது. எம்பொண்ணு வேப்பூருல இருக்குது, அத வரச்சொல்லுங்க. அது நல்லாப் பேசும்" என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் சிரிக்க முயற்சி செய்தேன்.

ஒரு மத்தியானம், ஜன்னலில் நல்ல வெயில். அம்மா வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து போயிருந்தாள். சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவது போல மெதுவாகக் கேட்டாள்.

"டீ குடிக்கப் போயிருக்காரா?"

வேண்டிய பதிலை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. என் தலை ஆடத்தான் பார்த்தது.

"போனாரும்மா. போன எடத்துல கடை வாசல்ல விழுந்துட்டாரு. செத்துட்டாரு" என்றேன்.

இந்தத் தடவை அவள் அழவில்லை. "அப்புறம்?" என்றாள்.

அதுவரைக்கும் செத்துட்டாரு என்று சொல்லிச் சொல்லி நிறுத்தியிருந்தேனே தவிர, அந்த நாளை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். "கடைக்காரரு வந்து ஒங்கிட்ட சொன்னாராம். நீ அரிசி களஞ்சுக்கிட்டு இருந்தியாம், அப்டியே போட்டுட்டு ஓடுனியாம். பக்கத்து வூட்டுல சொன்னாங்க. அப்பா தலைய மடியில வெச்சுக்கிட்டு ரோட்டுலயே ஒக்காந்துட்டியாம். ஆட்டோவுல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றிருந்தன.

"கால்ல பீங்கான் குத்துச்சு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"செருப்பு போடாம ஓடுனேன். மழத் தண்ணி நிக்குதுன்னு பள்ளத்துல ஒடஞ்ச கட்டயெல்லாம் கொட்டி வெச்சிருந்தானுங்க. குத்திக்கிட்டு ரத்தம். அவருக்கு வேட்டியெல்லாம் ரத்தமா இருக்குதேன்னு பாத்தா, அது என் ரத்தம்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ அப்ப வரல. மத்தியானம்தான் வேப்பூருலேருந்து வந்த."

இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. போர்வையை விலக்கி அவளுடைய நல்ல காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, தடித்துப்போன ஒரு தழும்பு இருந்தது. அவர் வேட்டியெல்லாம் ரத்தமாக இருந்த அந்தக் காலைப்பொழுது அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.